முருகேசனுக்கு, மிச்சிகனிலிருந்து

பிப்ரவரி 2024

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பாலிடெக்னிக்கில் பசங்களை வைத்து ரோபோ செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அதனால் இங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

மகளின் பள்ளி அணிக்கு நானும் கூட நின்று உதவுகிறேன். ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் என்று 1992 முதல் நடக்கும் போட்டி, பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாக ரோபோ செய்து மோதுவார்கள். வருடா வருடம் விளையாட்டே மாறும். இந்தத் தடவை ஜனவரி 6 அன்று அறிவித்தார்கள். ரோபோ ஆரஞ்சு நிற ஃபோம் வளையங்களை எடுத்து, 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்த உயரமான கோலின் வாய்க்குள் வீச வேண்டும், கடைசியில் களத்திலுள்ள மேடையின் சங்கிலியில் தொங்க வேண்டும். ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 15 விநாடி யாரும் ஓட்டாமல் தானாக இயங்க வேண்டும்.

முதல் சில நாள் ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. விதிப் புத்தகத்தைப் படித்து, எதையெல்லாம் செய்யப்போவதில்லை என்று முடிவெடுக்கச் சொன்னோம். அங்கேதான் சண்டை. சங்கிலியில் தொங்கியபடியே, மேடையில் இருக்கும் 'ட்ராப்' என்ற பெட்டியில் வளையம் போட்டால் 5 புள்ளி. எல்லோருக்கும் அதில் ஆசை. ஆனால் அதற்கு நீளமான கை வேண்டும். கை வைத்தால் ரோபோவின் எடை மேல்பக்கம் கூடும், அந்த மேடைக்கு அடியில் புகுந்து குறுக்கே போகவும் முடியாது. ஒரு பெண் எழுந்து, அந்தக் குறுக்கு வழியில் மிச்சமாகும் நேரத்துக்கு எத்தனை வளையம் வீசலாம் என்று போர்டில் கணக்குப் போட்டாள். கை வேண்டாம் என்று முடிவானது. எனக்கு இந்த சீசனில் மிகவும் பிடித்த நாள் அது.

வளையத்தைக் கவ்வும் பகுதியை முதலில் ப்ளைவுட்டில்தான் செய்தார்கள். இரண்டு ரோலர், மோட்டாருக்குப் பதில் கை ட்ரில். வளையத்தின் தடிமன் 2 அங்குலம். ரோலர் இடைவெளியும் அதே அளவு இருந்தால் வழுக்குகிறது. ரொம்ப நெருக்கினால் மடிந்து சிக்கிக்கொள்கிறது. அட்டைத் துண்டுகளைச் செருகிச் செருகிப் பார்த்து, ஒன்றரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சரக்கென்று உள்ளே இழுத்தது. அப்புறம்தான் கணினியில் வரைந்து அலுமினியம் வெட்டினார்கள். நீயும் இப்படியே ஆரம்பி, செலவே இல்லை.

பேட்டரியை மட்டும் கவனி. எங்களுடையது 12 வோல்ட் லெட்-ஆசிட், நல்ல கனம். அடித்தட்டில் வைத்தால் வண்டி கவிழாது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்டேஜ் 7க்கும் கீழே இறங்கி, ஆட்டத்தின் நடுவில் மோட்டார்கள் நின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வரம்பை புரோகிராமிலேயே வைத்திருக்கிறோம்.

மார்ச்சில் முதல் போட்டி. இனி புதிதாக எதையும் மாட்டக்கூடாது, மீதி நாளெல்லாம் ஓட்டுபவர்களின் பயிற்சிக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

உன் பசங்களுக்கு என்ன விளையாட்டு வைக்கப்போகிறாய்? விதிகளை எழுதி அனுப்பு, இங்குள்ள பிள்ளைகளிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
குமார்