‘இளமைத் தவறு’ என்று எழுதாதீர்கள்

திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். ஜாக் பெக்கரின் ‘லெ த்ரூ’ என்ற பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்ட மாலை நானும் அரங்கில் இருந்தேன். சிறைக் கைதிகள் முறை வைத்து இரும்புத் துண்டால் தரையை உடைக்கும் அந்தக் காட்சி வெட்டே இல்லாமல் பல நிமிடங்கள் ஓடுகிறது, பின்னணி இசைகூடக் கிடையாது. அரங்கில் ஒருவரும் இருமவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி.

என் வருத்தம் நீங்கள் கொடுத்த அரைப் பக்கக் குறிப்பைப் பற்றியது. மூலநாவலை எழுதித் திரைக்கதையிலும் பங்கேற்ற ஜோசே ஜியோவானி, ‘இளமையில் செய்த தவறுக்காகச் சிறை சென்றவர்’ என்று அதில் இருந்தது.

எந்தத் தவறு? பிரான்ஸ் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் நாஜிகளுக்குத் துணைபோன கட்சியில் இருந்தவர் அவர். ஜெர்மானியப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, தலைமறைவாக வாழ்ந்த யூதர்களை மிரட்டிப் பணம் பறித்தார். 1945இல் மூன்று பேர் பணத்துக்காகக் கொல்லப்பட்ட வழக்கில் 1948இல் மரண தண்டனை பெற்றார். மகனைக் காப்பாற்றத் தந்தை ஓயாமல் அலைந்தார். 1949இல் குடியரசுத் தலைவர் வன்சான் ஒரியோல் தண்டனையைக் குறைத்தார். 1956 இறுதியில் விடுதலை, மறு ஆண்டே ‘லெ த்ரூ’ நாவல். போர்க்காலப் பக்கத்தை 1993இல் சுவிஸ் பத்திரிகைகள் அம்பலப்படுத்தும்வரை பெரும்பாலான ரசிகர்களுக்கு அது தெரியாது.

அவருடைய இன்னொரு நாவலான ‘லெ தெசியெம் சூஃப்ல்’-இல் வரும் கிழட்டுக் கொள்ளைக்காரன் குயூ, மாட்டிக்கொள்வதைவிடக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் எடுப்பதற்குத்தான் அஞ்சுகிறான். விசுவாசத்தை இப்படித் தூக்கிப்பிடித்த பேனா, ஒளிந்திருந்தவர்களை வேட்டையாடிய கையில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் குயூவின் அச்சம் வேறு மாதிரி ஒலிக்கிறது. எனக்கு அப்படித்தான் ஒலித்தது.

படங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. 1973இல் அவரே எழுதி இயக்கிய ‘தெ சோம் தான் லா வில்’, தலையைத் துண்டிக்கும் மரண தண்டனை இயந்திரமான கில்லட்டினுக்கு எதிரான படம். அந்த இயந்திரத்துக்காகக் காத்திருந்தவர் எடுத்தது. தூக்கு, கில்லட்டின் எல்லாம் கூடாது என்ற வாதம் அப்பாவிகளுக்கு மட்டும் உரியதா என்ன? அவர் செய்ததைப் பூசி மெழுகினால் அந்தப் படத்தின் கூர்தான் மழுங்கும்.

அடுத்து அந்தப் படத்தைத் திரையிடப்போவதாகச் சொன்னீர்கள். குறிப்பில் ‘தவறு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததை நான்கு வரியில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அனுப்பினால் அந்த நான்கு வரியையும் நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பின்வரிசையில் அமரும் ஒரு பார்வையாளர்