மீனாவுக்கு, கண்ணாடி விஷயமாக

அன்புள்ள மீனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குமார் போன வாரம் வந்துவிட்டுப் போனான்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கண்ணாடிக் கடைச் சீட்டைப் பார்த்தேன். கீழே 'இதுல எதுப்பா போடலாம்' என்று ஒரே வரி. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகு, ஏழு வாரம் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் வரி. அம்மாவிடம் நாலு தரம் படித்துக் காட்டினேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

கடைக்காரர் உனக்கு 1.67 போடச் சொல்லியிருக்கிறார். அது பவர் இல்லை, லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்கிற எண். எண் கூடக்கூட அதே பவர் மெல்லிசாக வரும். சாதாரண பிளாஸ்டிக் 1.50, பாலிகார்பனேட் 1.59, அதற்கு மேலே 1.60, 1.67, 1.74 என்று போகும். விலையும் கூடவே ஏறும். உன் வலது கண்ணுக்கு பிளஸ் 0.75தான், எதைப் போட்டாலும் மெல்லிசாகத்தான் இருக்கும். இடதுக்கு பிளஸ் 5. பிளஸ் லென்ஸ் நடுவில் தடிக்கும், கண்ணையும் பெரிதாகக் காட்டும். காலேஜில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாய். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நீ கண்ணாடியோடு இல்லை. அதனால் மெல்லிசாகக் கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் நீ பாலிகார்பனேட்டே போடு. மெல்லிசுக்கு வேறு வழி இருக்கிறது. பெரிய வட்ட ஃபிரேம் எடுக்காதே. சின்ன ஃபிரேமாக எடுத்து, அந்த அளவுக்கே லென்ஸ் செய்யச் சொன்னால் நடுத்தடிப்பு குறையும். 'ஆஸ்பெரிக்' என்று கேள். முன்பக்க மேடு தட்டையாக இருக்கும், கண் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும், ஹார்ட் கோட்டிங் இல்லாமல் வாங்காதே. துப்பட்டாவால் துடைக்காதே, முதலில் தண்ணீரில் காட்டு. தூசியோடு தேய்ப்பதுதான் கோட்டிங்கைக் கெடுக்கிறது. இதை நூறு தரம் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரியில் கார் ஓட்டுகிறாய், அதனால் எதிரொளியைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் போட்டுக்கொள். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் புளூகட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்காதே. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் வரும் கண் சோர்வை அது குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அடிக்கடி தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் வருகிற புரோகிரசிவ் என்றும் எழுதியிருக்கிறார்கள். உனக்கு 39. பொங்கலன்று போனைத் தள்ளிப் பிடித்துப் படித்ததைப் பார்த்தேன். வெள்ளெழுத்துதான், எங்கள் ஆட்கள் சாளேஸ்வரம் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயசாக ஆக விறைத்துப்போகிறது. பிளஸ் பவர்க்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே தெரியும். புரோகிரசிவ் போட்டால் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். மாடிப்படி இறங்கும்போது தலையைக் குனிந்து பார்த்து இறங்கு.

கதிர் எப்படி இருக்கிறான்? ஐந்தரை முடியப்போகிறது. ஸ்கூலில் ரைம்ஸ் சொன்ன வீடியோவைத் தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் காட்டிவிட்டேன். உன்னைப் போலவே ஒரு வார்த்தை தடுமாறவில்லை. ஆனால் பந்தைப் பிடிக்கும்போது கை எப்போதும் ஒரு விரற்கடை தள்ளிப் போகிறது. அதை நீ கவனித்தாயா?

பொங்கலுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளைக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. 'பிள்ளைகிட்ட ஏன் மாமா குறை தேடுறீங்க' என்றார். நான் தேடவில்லை மீனா. காலண்டரில் இருந்த மயிலைக் காட்டி, அவன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். மயில் என்று சொல்லிவிட்டு, கொண்டையை எண்ணவும் ஆரம்பித்துவிட்டான். வலது கண்ணை மூடியதும் என் கையைப் பிடித்து இழுத்தான். மறுபடி மூடினேன், மணிக்கட்டைக் கடித்துவிட்டான். அவன் சேட்டைக்குக் கடிக்கவில்லை. அவனுக்கு மயில் காணாமல் போய்விட்டது.

அப்போது நீ சொன்னாய்: 'எனக்கு மாதிரியே பிறவி நரம்புப் பலவீனமா இருக்கும்பா, அதுக்கு என்ன பண்ண முடியும்.' அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உனக்கு இருப்பது பிறவி நரம்புப் பலவீனம் இல்லை. அது நான் சொன்ன பொய்.

ஒன்றாம் வகுப்பில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், பாசிமணி கோக்கச் சொன்னால் நூல் துளைக்குப் பக்கத்தில் பக்கத்தில் போகிறது, கண்ணைக் காட்டுங்கள் என்று. எனக்கு ரோஷம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவனிடமே சொல்கிறார்களா என்று, உன்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாய். முதலாளி கைதட்டினார். இரண்டு கண்ணும் திறந்தபடி படிக்கவைத்தேன் மீனா. ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் போதும். அன்றைக்கு மட்டும் எத்தனை பேருடைய கண்ணாடியைச் செய்து கொடுத்திருப்பேன்.

பதினோரு வயதில் ஸ்கூல் கேம்பில்தான் மூடிப் பார்த்தார்கள். இடது கண்ணில் மேலே இருக்கும் அந்தப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஒரு கண்ணில் மட்டும் பவர் கூட இருந்ததால் அது அனுப்பிய மங்கல் படத்தை மூளை சின்ன வயசிலேயே ஒதுக்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். ஐந்தாறு வயதில் வந்திருக்கலாமே என்றார். இப்போதும் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடி, சோம்பல் கண்ணை வேலை வாங்கிப் பார்க்கலாம், கொஞ்சமாவது தேறலாம் என்றும் சொன்னார். நான் வாசலுக்கு வந்து அம்மாவிடம், 'பிறவியாம், நரம்பாம், ஒண்ணும் பண்ண முடியாதாம்' என்றேன். ஒட்டுப்போட்டால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், டீச்சர் சொன்னது வெளியே வரும். அதனால் அதையும் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இன்று காலையில்தான் சொன்னேன். இன்னும் என்னிடம் பேசவில்லை.

பாலிகார்பனேட் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்குத்தான். உனக்கு உருப்படியாக இருப்பது வலது கண் ஒன்றுதான். அதற்கு முன்னால் சில்லுச் சில்லாக உடையாத லென்ஸ் இருக்க வேண்டும்.

கதிரை இந்த வாரமே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், உன் கண்ணைப் பற்றியும் சொல்லு. கண்ணாடிக் கடை மெஷினில் பார்த்துவிட்டு வராதே. பிள்ளைகளின் கண் தசை இழுத்துப் பிடித்து பிளஸ் பவரை மறைத்துவிடும், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் சரியான பவர் தெரியும். கொஞ்ச நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும், பயப்படாதே. முதலில் கண்ணாடி மட்டும் கொடுப்பார்கள், தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட வேண்டும். அதிலேயே ஓரளவு தேறும். அப்புறம் தேவைப்பட்டால் ஒட்டு. ரொம்ப மோசமாக இல்லையென்றால் ஒரு நாளைக்கு 2 மணி நேரமே போதும் என்கிறார்கள். டாக்டர் சொல்கிறபடி செய். ஏழு வயசுக்குள் ஆரம்பித்தால் நன்றாகத் தேறும், நமக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெங்களூரில் லீவு கிடைக்காவிட்டால் அவனை இங்கே கொண்டுவந்து விடு, அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. வரிசையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு. மறைக்காதே.

கதிருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டை, இரண்டு கண்ணின் பவரும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. ஃபிரேம் அங்கே வாங்க வேண்டாம். அவனுக்கு மூக்குத்தண்டு இன்னும் எழும்பவில்லை, பெரியவர்கள் ஃபிரேம் வழுக்கி இறங்கிவிடும். காதுக்குப் பின்னால் பட்டை வைத்த ரப்பர் ஃபிரேம் இங்கே பார்த்து வைத்திருக்கிறேன். லென்ஸை நானே அறுத்து மாட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்
அப்பா