மூணு கோர்ஸுக்கும் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி

அன்புள்ள கண்ணம்மா,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்ப தேவலாம், தம்பிக்கு இன்டர்வியூ முடிஞ்சுது, ரிசல்ட் வரல. மத்தத அப்புறம் எழுதறேன். நீ லிங்க் அனுப்பினியே, நீ பாடம் நடத்தற அந்த ஆன்லைன் கோர்ஸ் வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பாத்துட்டேன், அதப் பத்திதான் எழுதணும். ஃபோன்ல பேசலாம்னா "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்புடறேன்"னு மெசேஜ் போடற, அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது. சரி, வேலை இருக்கும். நான் குத்தம் சொல்லல.

பெருமையா இருந்துது, அத முதல்ல சொல்லிடறேன். ரத்தப் பரிசோதனைல பாசிட்டிவ்னு வந்தாலும் அந்த வியாதி நெஜமாவே இருக்கறதுக்கு வாய்ப்பு ஏன் கம்மியா இருக்கலாம்னு ஒரு கட்டம் போட்டு விளக்கினியே, கணக்குன்னாலே எழுந்து போயிடற உங்கப்பா பக்கத்துல நின்னு முழுசாப் பாத்துட்டு "எனக்கே புரியுதே"ன்னார். என் பொண்ணு பாடம் நடத்தறத நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. யாருக்கும் காட்டணும்னு தோணிச்சு, மாமாவுக்கு அனுப்பினேன்.

ஆனா அந்த மூணாவது யூனிட். ஐம்பது நிமிஷத்துக்கு மேல போகுது. நடுவுல ஒரு எடத்துல நிறுத்திட்டு "இதுவரைக்கும் யாருக்காவது டவுட் இருக்கா"ன்னு கேக்கற. கேட்டுட்டு கொஞ்சம் எடது பக்கமா பாக்கற, கிளாஸா இருந்தா முதல் பெஞ்ச் இருக்கற பக்கம். ஆளில்லாத ரூம்ல யாரு பதில் சொல்லுவா? ஒண்ணு ரெண்டு செகண்ட் அப்படியே நின்னுட்டு "சரி"ன்னு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்ட. அந்த எடத்த நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். அப்புறம் கீழ அப்லோட் ஆன நேரம் கண்ணுல பட்டுது. ராத்திரி 2:40. நாலாவது யூனிட் 3:15. அஞ்சாவதும் அப்படித்தான்.

நீ எத்தன மணிக்குத் தூங்கறன்னு நான் கேக்கப் போறதில்ல, கேட்டாலும் சொல்ல மாட்ட. கோர்ஸப் பத்தி மட்டும் பேசறேன். அதப் பேச எனக்கு உரிமை இருக்கு, அஞ்சல்வழிக் கல்விப் பிரிவுல ரிட்டயர் ஆகற வரைக்கும் விடைத்தாள் திருத்தினவ நான், அந்தக் கட்டுங்களுக்கு நடுவுலதான நீ வளந்த.

அடுத்த செமஸ்டர்ல மூணு கோர்ஸ ஆன்லைன்ல கொண்டு வரணும்னு உன்னக் கேட்டிருக்காங்களாம், அது போதாதுன்னு சீனியர் புரொஃபசர்களுக்கு ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்பும் நீதான் நடத்தணுமாம். தம்பி சொன்னான். அவன்கிட்ட சொல்லத் தோணுது, என்கிட்ட சொல்லத் தோணல, பரவால்ல. நீ இன்னும் சரின்னு சொல்லலன்னும் அவன்தான் சொன்னான். அதான் அவசரமா எழுதறேன். நேரம் கேளு. வாயால கேக்காத, எழுத்துல கேளு.

2020-ல ஒரே வாரத்துல எல்லாரும் ஆன்லைனுக்கு மாறினாங்க இல்ல, அதுலேந்து நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கு ஒரு நெனப்பு வந்துடுச்சு, கேமராவ வச்சு கிளாஸ ரெக்கார்ட் பண்ணிப் போட்டா கோர்ஸ் ரெடின்னு. அந்த மார்ச் மாசத்துலயே அமெரிக்கால தொலைநிலைக் கல்வி ஆராய்ச்சி பண்றவங்க கொஞ்சம் பேர் சேந்து தெளிவா எழுதினாங்க, இது நெருக்கடிக்காக செய்யற தற்காலிக ஏற்பாடு, இத வச்சு ஆன்லைன் கல்விய எடை போடாதீங்கன்னு. முழு ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு தயாராகறதுக்கு வழக்கமா 6 முதல் 9 மாசம் ஆகும்னு அதுல இருக்கு, நடத்தறவங்களுக்கே ரெண்டாவது மூணாவது தடவைதான் கை பழகும்னும் இருக்கு. ஒரு கோர்ஸுக்குச் சொல்றாங்க கண்ணம்மா. உனக்கு மூணு, அதுவும் ஒரு லீவுக்குள்ள. நீ கெட்டிக்காரிதான், அதுக்காக நாளுக்கு மணி கூடிடுமா?

இங்கிலாந்துல வீட்லேந்தே படிக்கறவங்களுக்கான ஓப்பன் யுனிவர்சிட்டி 1969-ல தொடங்கி 1971-ல பாடம் ஆரம்பிச்சப்போ 20,000-க்கும் மேல மாணவர்கள் சேந்தாங்க, பிபிசில பாடம் ஒளிபரப்புனாங்க. எல்லாரும் டிவியத்தான் பெருசாப் பேசுவாங்க. ஆனா அங்க ஒரு கோர்ஸ ஒரு ஆள் தனியா உக்காந்து பண்ணல, பாடம் தெரிஞ்சவங்க, ஒளிபரப்பு தெரிஞ்சவங்க, கற்பிக்கிற முறை தெரிஞ்சவங்கன்னு ஒரு குழுவாத்தான் பண்ணுனாங்க, அதுக்கு மேல மாணவர்களுக்கு டியூட்டர் இருந்தாங்க, அசைன்மென்ட்ட படிச்சு குறிப்பெழுதி அனுப்பறதுக்கு. எங்க பிரிவுலயும் நான் பாத்தது அதுதான். மார்க் மட்டும் போட்டு அனுப்பின தாளும், ஓரத்துல ரெண்டு வரி எழுதி அனுப்பின தாளும் ஒண்ணில்ல. ரெண்டு வரி எழுதினா அடுத்த தாள் வரும், "நீங்க சொன்ன மாதிரி திருத்தியிருக்கேன்"னு மேல எழுதி வரும். யார் பேரு, எந்த ஊரு, முகம் எப்படின்னு ஒண்ணும் தெரியாது, கையெழுத்து மட்டும் தெரியும்.

2011-ல ஸ்டான்ஃபோர்டுல செயற்கை நுண்ணறிவு பாடத்த இலவசமா நெட்ல திறந்து விட்டப்போ 1,60,000 பேர் பதிவு பண்ணினாங்க, முடிச்சவங்க அதுல ஏழுல ஒருத்தர் மாதிரிதான். அடுத்த வருஷமே கோர்ஸெரா, எட்எக்ஸ்னு ஆன்லைன் கோர்ஸ் தர்ற தளங்க வரிசையா வந்துது. 2013-ல அமெரிக்கால சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டி, உடாசிட்டிங்கற இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் கம்பெனியோட சேந்து டிகிரிக்குக் கணக்குல சேர்ற கிரெடிட் கோர்ஸ் நடத்தி, பாஸ் ஆனவங்க ரொம்பக் கம்மின்னதும் அந்த முயற்சிய நிறுத்தி வச்சாங்க. நான் ஆன்லைனுக்கு எதிரி இல்ல, என் வாழ்க்கையே தூரத்துல இருக்கற மாணவர்களுக்குத்தான் போச்சு. வேலைக்குப் போறவங்க, கைக்கொழந்தைக்காரங்க, வீட்ட விட்டு நகர முடியாதவங்க, இவங்களுக்கெல்லாம் வேற கதவே இல்ல. அதனாலதான் அத அரைகுறையா செஞ்சா எனக்கு மனசு கேக்கல.

சரி, அந்த ஐம்பது நிமிஷ வீடியோவுக்கு வரேன். எட்எக்ஸ்ல 69 லட்சம் தடவ வீடியோ பாத்த கணக்க எடுத்து 2014-ல அலசினாங்க, வீடியோ 6 நிமிஷத்துக்குள்ள இருந்தாத்தான் பாக்கறவங்க நல்லா ஒன்றிப் பாக்கறாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஹார்வர்டுல இன்னொண்ணு, ஆன்லைன் லெக்சருக்கு நடுநடுல சின்ன டெஸ்ட் வச்சா மாணவர்களுக்கு மனசு அலையறது கொறஞ்சு குறிப்பெடுக்கறது கூடிச்சு. அதனால அந்த யூனிட்ட ஏழெட்டா வெட்டு. நீ "டவுட் இருக்கா"ன்னு கேட்ட எடத்துல வீடியோ நிக்கட்டும், அங்க ஒரு கேள்வி வை, பதில் போட்டாத்தான் அடுத்தது தொறக்கற மாதிரி. தப்பா போட்டா ஏன் தப்புன்னு அங்கயே ரெண்டு வரி வரட்டும். அந்தக் கட்டம் போட்ட கணக்கையே நம்பர மாத்திக் கொடு, அவங்களே போட்டுப் பாக்கட்டும். எல்லாத்துக்கும் கேப்ஷன் போடு, காது கேக்காதவங்களுக்கு மட்டுமில்ல, கொழந்தையத் தூங்க வச்சுட்டு சத்தமில்லாம பாக்கறவங்களுக்கும் அது வேணும். கேப்ஷன நீயே உக்காந்து டைப் பண்ணாத. ஆள் கேளு. எழுத்துல கேளு.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். வாஷிங்டன் மாநிலத்து கம்யூனிட்டி காலேஜ்கள்ல பெரிய அளவுல ஆராய்ச்சி பண்ணி 2014-ல வெளியிட்டாங்க. நேர்ல படிக்கறதவிட ஆன்லைன்ல எல்லாருமே கொஞ்சம் சறுக்கறாங்க, ஆனா ஏற்கனவே மார்க் கம்மியா இருக்கற பசங்கதான் அதிகமா சறுக்கறாங்க. ஃபோரம்ல வந்து கேள்வி கேக்கறவன் எப்படியும் பொழச்சுக்குவான். எல்எம்எஸ்ல, அதான் கோர்ஸ் ஓடற அந்த சாஃப்ட்வேர்ல, யாரு லாகின் பண்ணலன்னு காட்டும் இல்ல, வாராவாரம் அதப் பாரு. சத்தமில்லாம இருக்கறவங்களத்தான் முதல்ல தேடணும். தானா வருவாங்கன்னு விட்டுட்டா வரமாட்டாங்க, அவங்களுக்கு வெக்கமா இருக்கும், பின்தங்கிட்டோம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாது, நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமாயிடும். ஒரு வரி போதும், "உங்கள இந்த வாரம் காணோமே, எங்க நிக்குது"ன்னு. நான் போஸ்ட் கார்டுல எழுதுவேன். திட்டாம எழுதணும்.

வொர்க்‌ஷாப்புக்கும் சொல்றேன். ரெண்டு நாளும் எந்த பட்டன் எங்க இருக்குன்னு காட்டி முடிச்சுடாத, அது ஒரு வாரத்துல மறந்து போயிடும். சீனியர்கள மாணவர்களா உக்கார வை. அந்த ரெண்டு நாளோட நிறுத்தாம ஒரு சின்ன ஆன்லைன் கோர்ஸ் ஒரு மாசத்துக்குப் போடு, அவங்களும் லாகின் பண்ணட்டும், அசைன்மென்ட் எங்க போடறதுன்னு தெரியாம தடுமாறட்டும், டெட்லைன் தவறட்டும், அனுப்பினதுக்கு பதில் வருமா வருமான்னு காத்திருக்கட்டும். அப்பதான் தன் கோர்ஸுல என்ன எழுதி வைக்கணும்னு அவங்களுக்கே தெரியும். முப்பது வருஷம் பாடம் எடுத்தவங்க கேமரா முன்னாடி கை நடுங்கி நிப்பாங்க, எங்க பிரிவுல ஆடியோ கேசட் ரெக்கார்டிங் வந்தப்போ நான் பாத்திருக்கேன், அவ்வளவு பெரிய ஆளுங்க. அவங்கள நாலு பேர் முன்னாடி திருத்தாத. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஏற்கனவே ஒரு தடவ நடத்தினவங்கள ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போடு. அவங்களுக்கு சொல்லித்தர உன்னத் தேடி வந்தாங்களே, அது சின்ன விஷயமில்ல, எனக்கு அதுல எவ்வளவு சந்தோஷம்னு உனக்குத் தெரியாது. ஆனா அந்த சந்தோஷத்துல சம்பளமில்லாத ரெண்டாவது வேலைய தலைல கட்டிக்காத. அந்த வொர்க்‌ஷாப்ப உன் வொர்க்லோடுல கணக்கு வைக்கச் சொல்லு.

கேக்க வேண்டியத எழுதிட்டுப் போ. அடுத்த செமஸ்டர்ல ஒரு கோர்ஸ் மட்டும். அதுக்காக நீ எடுக்கற பாடத்துல வேற ஒரு பேப்பர் கொறைக்கணும். கோர்ஸ் வடிவமைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும். மாணவர் எண்ணிக்கை ஒரு அளவத் தாண்டினா அசைன்மென்ட் பாக்க டியூட்டர் தரணும். அப்புறம் அந்த வீடியோவெல்லாம் யாருக்குச் சொந்தம்னு தெளிவா வாங்கிக்கோ, நாளைக்கு நீ அங்க இல்லாமப் போனாலும் உன் முகத்தையும் உன் குரலையும் வச்சு அவங்க வருஷா வருஷம் ஓட்டலாமா கூடாதான்னு. நீ அங்க இல்லாமப் போறதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. தம்பி ஏதோ ஆரம்பிச்சான், நான்தான் வேண்டாம் அவளே சொல்லுவான்னு நிறுத்திட்டேன். எதுவா இருந்தாலும் எங்களுக்கு சம்மதம்தான், அப்பாவுக்கும். ஆனா ராத்திரி 3 மணிக்கு முடிவெடுக்காத. தூங்கி எழுந்து எடு. சித்திக்கு நடந்தத நாம எல்லாரும் பாத்தோம், அத நான் திரும்ப எழுத வேண்டாம்.

அவங்க ஒத்துக்கலன்னா ஒத்துக்கலன்னு எழுத்துல பதில் வாங்கு. அதையும் கேட்டு வாங்கணும், வாயால சொன்னா நாளைக்கு மறந்துட்டேம்பாங்க.

மீட்டிங் புதன்கிழமைன்னு தம்பி சொன்னான். நீ எழுதற லெட்டர அதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு, நான் படிச்சு ஓரத்துல குறிப்பெழுதித் தரேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா கூப்புடுவார், கோர்ஸப் பத்தி ஒண்ணும் பேச மாட்டார், எடு.

அன்புடன்,
அம்மா