ஏசி இல்லாத அறைக்கும் பொருந்தும் கணக்கைக் கொடுங்கள்

இந்தியாவில் மெல்லிய கேமிங் லேப்டாப்களை விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னை பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலிருந்து இதை எழுதுகிறேன். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். கத்திரி நாட்களில் இங்கே வெப்பமானி 36 டிகிரிக்குக் கீழே காட்டுவது அரிது. சென்ற கோடையில் என் லேப்டாப், விளையாட்டைத் தொடங்கிய பத்தே நிமிடத்தில் திணற ஆரம்பித்தது. சேவை மையத்துக்குக் கொண்டுபோனபோது, கருவியில் பழுது ஏதும் இல்லை, ஏசி அறையில் வைத்துப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில்தான் இம்மடலுக்குக் காரணம்.

லேப்டாப் கையேடுகள் பலவற்றில், கருவி இயங்க ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு போகாவிட்டாலும், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் பகல்கள் சென்னைக்குப் புதியவை அல்ல. சிப்பின் வெப்பத்தைச் செம்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகிச் சுமந்து சென்று துடுப்புத் தகடுகளில் சேர்க்க, விசிறி அதை வெளியே தள்ளுகிறது. அங்கிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதை, சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சிப்பை 95 டிகிரியில் நிறுத்தினால், 25 டிகிரி அறையில் அந்த வேறுபாடு 70. 40 டிகிரி அறையில் 55 மட்டுமே. அதாவது, விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், குளிர்விக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. தடித்த கருவியில் இந்த இழப்பைத் தாங்கச் சிறிது இடமாவது இருக்கும். தகடுகளையும் விசிறியையும் மெலிய வைத்து, சிபியு என்னும் முதன்மைச் சிப்புக்கும் ஜிபியு என்னும் வரைகலைச் சிப்புக்கும் பொதுவாகவே குழாய்களை ஓட்டியிருக்கும் கருவியில் அதுவும் இல்லை.

ஆகவே, பெட்டியின் மேல் சிப்பின் பெயரை மட்டும் அச்சிடுவது போதாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்கப்படலாம். பெயர் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. 40 டிகிரி அறையில் சிபியு, ஜிபியு இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம் உழைத்த பிறகு ஒவ்வொன்றும் எத்தனை வாட்டில் நிற்கின்றன என்ற எண்ணை, விலைக்கு அருகிலேயே அச்சிடுங்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்தோடு ரிச்சி தெருவில் கடைகடையாக ஏறி இறங்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு, விளம்பரத்தில் மின்னும் மில்லிமீட்டர் கணக்கைவிட இந்த எண்ணே உதவும்.

2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு, மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வழி பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் என்னும் அடிப்படைத் தொடக்க மென்பொருள் மூலம் பூட்டப்பட்டது. அதே மின்னழுத்தக் குறைப்பைக் கருவியாக்கிய அந்தத் தாக்குதல் குறிவைத்தது, சிப்புக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்னும் பாதுகாப்புப் பகுதியை. அதைப் பயன்படுத்தாதவர்கள், விளைவை அறிந்து, தாமே திறந்துகொள்ளும் தெரிவையாவது பயாஸில் வையுங்கள்.

இறுதியாக, தூசி. இந்நகரின் தெருப்புழுதியும் துணிப் பஞ்சும் துடுப்புகளுக்கிடையே மெத்தைபோல் படிந்துவிடுகின்றன. அடிமூடியைத் திறந்து விசிறியைத் துடைத்ததற்காக எவருடைய வாரண்டியும் பறிபோகாது என்று எழுத்தில் தாருங்கள். சிப்பின் சூட்டைக் கடத்தத் திரவ உலோகம் பூசிய கருவிகளை நாங்களே பிரிக்கக் கேட்கவில்லை. அது மின்சாரம் கடத்தும், சிந்தினால் போர்டே போய்விடும். அவற்றுக்கு வாரண்டிக் காலம் முழுவதும், ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன்பே இலவசமாகச் சுத்தம் செய்து கொடுங்கள். அடுத்த கத்திரி தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்