ஆறு நூல் கணக்கு

சாமர்வில், மாசசூசெட்ஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பசங்களை வைத்து இங்கே வீடு கட்டுகிறார்களாமே, அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி மாளாது, அதனால் எழுதுகிறேன்.

அதன் பெயர் யூத்பில்டு. ஆரம்பித்தவர் டாரதி ஸ்டோன்மன் என்ற அம்மா. 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர். 1978-ல் பக்கத்து ஈஸ்ட் ஹார்லெமில் விடலைப் பிள்ளைகளைக் கூட்டி, பெரியவர்கள் கைகொடுத்தால் உங்கள் பேட்டைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆளில்லாமல் பாழாய்க் கிடக்கிற கட்டடங்களைச் சரிசெய்து வீடில்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்றார்களாம். அதையே பிடித்துக்கொண்டார். 1990-ல் நாடு முழுக்கப் பரப்ப ஒரு அமைப்பு, 1992-ல் அரசுப் பணம் வரச் சட்டம். முதலில் வீட்டுவசதித் துறையில் இருந்த திட்டம், 2006 சட்டத்துக்குப் பிறகு தொழிலாளர் துறைக்குப் போனது. 2017 தொடக்கத்தில்தான் அந்த அம்மா பொறுப்பைக் கைமாற்றினார்.

சேருகிறவர்களுக்கு வயது 16-லிருந்து 24. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் சைட். பல ஊர்களில் ஒரு வாரம் பள்ளி, மறு வாரம் வேலை என்று மாற்றி மாற்றி ஓடும். வகுப்பில் பள்ளியிறுதிக்குச் சமமான பரீட்சைக்குத் தயார் பண்ணுவார்கள். சைட்டில் சிறு தொகை படியும் உண்டு. நம்ம ஊரில் கலவை சுமந்த பிறகுதான் கரண்டி கைக்கு வரும். இங்கே முதலில் கைக்கு வருவது அளக்கிற டேப்.

இந்தப் பக்கம் பெரும்பாலும் மரச்சட்ட வீடு. அஸ்திவாரம் மட்டும் கான்கிரீட். அதன் அடி தரைக்குக் கீழே 4 அடி போகவேண்டும். குளிரில் மண்ணிலுள்ள தண்ணீர் உறைந்து உப்பும், அதற்கு மேலே நின்றால் அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். மற்றபடி அது உங்களுக்குத் தெரியாத வேலை இல்லை. மேலே வருவதுதான் வேறு. சுவரைப் படுக்கவைத்துக் கட்டி, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்துகிறார்கள்.

வெளிச்சுவருக்கு 'இரண்டுக்கு ஆறு' கட்டை. பெயர்தான் அப்படி, இழைத்து வருவது ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம். புதுப் பையன் முதலில் ஏமாறுவது இங்கேதான். 8 அடிச் சுவர் என்றால் நிற்கிற கட்டை 92 அங்குலம் 5 நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்), வெட்டியே விற்கிறார்கள். கீழே ஒரு படுக்கைக் கட்டை, மேலே இரண்டு. மூன்றுக்கும் நாலரை அங்குலம். கூட்டினால் 97 அங்குலம் 1 நூல். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டால் கொட்டாவி விடுகிற பையன், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சொல்கிறான்.

கட்டைக்குக் கட்டை மையத்திலிருந்து மையம் 16 அங்குலம். ஆனால் சுவர் முனையிலிருந்து அளக்கும்போது இரண்டாவது கட்டையின் ஓரத்துக்கு 16-ல் கோடு போடக் கூடாது. 15 அங்குலம் 2 நூலில் போட்டு, கோட்டுக்கு அப்பால் பெருக்கல் குறி போடவேண்டும். கட்டை கனத்தில் பாதி ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம், அதைக் கழித்தால்தான் கட்டையின் நடு 16-ல் விழும். கட்டைகளின் மேல் அடிக்கிற பலகை ஷீட் நாலுக்கு எட்டு அடி. அதன் ஓரம் 48-லும் 96-லும் சரியாகக் கட்டையின் நடுவில் முடியும், அடுத்த ஷீட்டுக்கு மிச்சப் பாதி ஆணி பிடிக்கக் கிடைக்கும். அந்த ஆறு நூலைக் கழிக்க மறந்தாலோ, பெருக்கல் குறியைக் கோட்டுக்கு இப்பால் போட்டாலோ தப்பு வரிசையாக ஓடும். ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடத்தில் ஓரத்துக்குக் கட்டையே கிடைக்காது. ஒன்று பிரிக்கவேண்டும், இல்லை ஒவ்வொரு இணைப்பிலும் துணைக்கட்டை அடிக்கவேண்டும். முக்காலைக் கழிக்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பேன்.

ஷீட் அடிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலைமட்டம் சரி. எந்தக் குறுக்கு நீளமோ அந்த மூலையில் சம்மட்டியால் ஒரு தட்டு. ஷீட் அடித்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை, சுவர் கோணியபடியே நின்றுவிடும். ஆணி ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுக்கட்டைகளில் 12-க்கு ஒன்று. ஷீட்டுக்கு ஷீட் ஒரு நூல் இடைவெளி வேண்டும். நெருக்கி அடித்தால் ஈரத்தில் ஊதி, வயிறு தள்ளும்.

அதன்மேல் மழைத்தாள். கீற்று வேய்கிற மாதிரியே கீழிருந்து மேலே, மேல்தாள் கீழ்த்தாள்மேல் ஏறணும். ஜன்னலுக்குப் பக்கமும் தலையும் மட்டும் டேப் ஒட்டி, அடியை ஒட்டாமல் விடுவார்கள். எப்படியும் சொட்டு நீர் புகும், அது இறங்கிப் போக வழி வேண்டுமே. துப்புரவாக வேலை செய்கிறேன் என்று நாலு பக்கமும் ஒட்டிவிடுகிற பையன்தான் உண்மையில் கட்டையை அழுக வைக்கிறான்.

18 ஆகாத பிள்ளைகளைப் பொதுவாகக் கூரை வேலைக்கு ஏற்றமாட்டார்கள், மின்ரம்பமும் கொடுக்கமாட்டார்கள். அளப்பது, கோடு போடுவது, ஆணி அடிப்பது, பெயின்ட் எல்லாம் உண்டு. கைதேர்ந்த ஆள் கட்டுவதைவிட நாள் கூடத்தான் ஆகிறது. மேஸ்திரியின் பாதி நாள் திருத்துவதிலேயே போகும். அரசுப் பணமும் வருஷா வருஷம் ஒதுக்கினால்தான் வரும், அதுவும் ஊருக்கு ஊர் போட்டி போட்டு வாங்கவேண்டும்.

பார்சலில் ஒரு டேப் அனுப்புகிறேன். 16, 32, 48 என்று சிவப்பில் குறி இருக்கும், அது கட்டை வைக்கத்தான். சென்டிமீட்டர் கிடையாது, சிறு கோடு வீசம், அதாவது அரை நூல். சின்னவன் கையில் கொடுத்து, முதலில் வீட்டு நிலைக்கதவை அளக்கச் சொல்லுங்கள். குறுக்களவும் எடுக்கட்டும். இரண்டும் ஒத்து வரவில்லை என்றால் தச்சரைத் திட்டவேண்டாம், டேப்பின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
குமார்