இலங்கைக்கென்று வாங்கிய காணிக்கை இலங்கைக்கே போகட்டும்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கனம் சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், நம் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையில் கொடுத்த வரவு செலவு அறிக்கையில், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'இலங்கை மிஷன் நிவாரண நிதி, கட்டட நிதிக்கு மாற்றம்.' அதற்கு நேர் மேலே ஆலயத்துக்கு ஏசி வைத்த செலவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன நடந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அந்தப் பணத்தை எதற்காக வாங்கினோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா பக்கம் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. நாம் வருஷா வருஷம் மிஷன் ஞாயிறன்று ஜெபத்தில் பெயர் சொல்லி நினைக்கிற தோட்டத்துச் சபையிலும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறி ஆலயத்துக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். அந்தப் படங்களைத் திரையில் காட்டி, பலிபீடத்துக்கு முன்னால் நின்று காணிக்கை கேட்டது நீங்கள்தான். கேட்டது நல்ல காரியம். அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: வாங்கிய பணம் முழுவதும், எதற்கென்று வாங்கினோமோ அதற்கே போய்ச் சேர வேண்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் வசூலித்தவர்களில் நானும் ஒருத்தி. கொடுத்தவர்கள் யார் என்று கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோயில் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பீடித் தட்டை மடியில் வைத்தபடியேதான் எங்களோடு பேசினார், கை நிற்கவே இல்லை. இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டே, புயலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருடைய அப்பாவின் அண்ணன் குடும்பம் கண்டிச் சீமைக்குப் போனது, அப்புறம் திரும்பவே இல்லையாம். ஒரு வாரக் கூலியை அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது போக, கைப்பிடி அரிசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்ததையும் பையில் கொட்டினார். உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்த அரிசி அது.

அந்தப் பாட்டி இப்போது ஒவ்வொரு வாரமும் ஆலய வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார், 'காசு போய்ச் சேர்ந்துட்டாம்மா? அந்தப் பிள்ளைகளுக்கு வீடு கெடச்சிட்டா?' நான் என்ன பதில் சொல்ல? உங்க ஒரு வாரக் கூலி நம்ம தலைக்கு மேலே காற்றாக வருது பாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அறிக்கை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியா ஐயா?

பொருளாளர் அண்ணனிடம் கேட்டபோது மூன்று பதில் வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காது என்பது முதல் பதில். சட்டத்தில் சிக்கல் உண்டு, நானும் விசாரித்தேன். வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளை தன் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவழிப்பதென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும், ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிகளையும் பார்க்க வேண்டும். சரி, அந்த அனுமதிக்கு விண்ணப்பித்தீர்களா? விண்ணப்பித்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலைச் சபைக்குக் காட்டுங்கள். சேகரத்தின் பெயரில் முடியாது என்றால் தனி நபர்கள் வங்கி வழியாக நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி திட்டமே வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், நீங்களே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். அனுப்ப வழியில்லை என்பதால் அந்தப் பணம் ஏசிக்குச் சொந்தமாகிவிடாது.

நம்ம ஊரிலேயே ஏழைகள் இருக்கிறார்களே என்பது இரண்டாவது பதில். இருக்கிறார்கள். அந்தப் பாட்டியே அவர்களில் ஒருவர்தான். அவருக்குக் கொடுத்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

தற்காலிகக் கடன்தான், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுப் பணம் வந்ததும் எடுத்து வைத்துவிடுவோம் என்பது மூன்றாவது. மலைச்சரிவில் வீடிழந்தவர்கள் நம் அறுப்பின் பண்டிகை வரை எங்கே இருப்பார்கள்? தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்குக் காலடி மண் சொந்தமில்லை. 10-க்கு 12 அடி லயன் அறையும் தோட்ட நிர்வாகத்துடையது. சொந்த நிலம் இருக்கிறவன் இடிந்த இடத்திலேயே ஒரு கொட்டகையாவது போட்டுக்கொள்வான். இவர்களுக்கு அதுவும் கிடையாது. வேறு இடம் கிடைக்கும் வரை உறவினர் வீட்டிலும் ஆலயத்திலும்தான் ஒதுங்க வேண்டும். அங்கே இருக்கிற போதகர் கேட்டது தகரமும் பாயும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நோட்டும்தான்.

அவர்கள் நமக்கு அந்நியரும் அல்ல. 1854-ல் கண்டித் தோட்டங்களில் கூலித் தமிழருக்கென்று மிஷன் தொடங்கியபோது உபதேசிமார் என்ற சபை ஊழியர்கள் போனது நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான். அந்தத் தோட்டத்துச் சபைகள் நம் முன்னோர் கால்நடையாகப் போய் வளர்த்தவை. பின்னால் அந்தத் தேசத்துத் தமிழர்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னால் பேராயரான அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தக் காசில் ஊழியர்களை வெளியே அனுப்பித் தாங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருஷமே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இதை ஒவ்வொரு மிஷன் ஞாயிறும் பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். 1877 பஞ்சத்தில் நம் ஜனங்கள் செத்து விழுந்தபோது லண்டனில் முகம் தெரியாதவர்கள் நிதி திரட்டி மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தை நடுவில் யாராவது தங்கள் கோயில் வேலைக்கு எடுத்திருந்தால் நாம் இன்று என்ன பேசுவோம்?

மனதில் இருப்பதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இது இந்த ஒரு நிதியோடு நிற்கிற விஷயமில்லை. கமிட்டித் தேர்தல் வந்தால் ஊர் முழுக்க போஸ்டர், பிரியாணிப் பொட்டலம், ராத்திரியில் வரிசையாகக் கார்கள். ஜெயித்த பிறகு ஒரு அணி இன்னொரு அணி மேல் வழக்கு, வக்கீல் செலவு. மிஷன் வசூல் என்றால் மட்டும் விதவைகள் வீட்டுக் கதவைத் தட்ட எங்களை அனுப்புகிறீர்கள். வருஷா வருஷம் மிஷனெரி படம் போட்ட காலண்டர் அடிக்கிறீர்கள். அந்த மிஷனெரிக்கு இந்த மாதப் படிப்பணம் போய்ச் சேர்ந்ததா என்று கூட்டத்தில் கேட்டால், கேட்டவர்தான் கலகக்காரர் ஆகிவிடுகிறார். சபைப் பணம் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்ற பழக்கத்தை எங்கே கற்றோம்? பவுல் அப்போஸ்தலனே எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்த்த தர்மப்பணத்தைத் தான் ஒருவராகத் தொடவில்லை. யாரும் தன்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களைக் கூட வைத்துக்கொண்டுதான் கொண்டுபோனார். அவரைவிட நாம் நம்பிக்கைக்குரியவர்களா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன். யாரும் பணத்தைச் சொந்தப் பையில் போட்டுக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஏசி வைக்கக் கூடாது என்பதும் என் வாதமல்ல. வயதானவர்கள் வெயிலில் படும் பாடு எனக்கும் தெரியும். அதற்கென்று தனியாகக் காணிக்கை கேளுங்கள், என்னால் ஆனதை நானும் கொடுக்கிறேன். இலங்கைக்கென்று வாங்கியதில் கை வைக்க வேண்டாம்.

ஆகவே, அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். நிவாரண நிதியைக் கட்டட நிதியிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் வையுங்கள். அனுமதி வாங்கி அனுப்புவதா, கொடுத்தவர்களிடமே திருப்பித் தருவதா என்று முடிவு செய்து, அதை ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் வாசியுங்கள். பணம் போனதும் தோட்டத்துப் போதகர் தரும் ரசீதை ஆலயப் பலகையில் ஒட்டுங்கள். எங்கள் சங்கத்தின் வசூல் நோட்டில் கொடுத்தவர் பெயரும் தொகையும் வரிசையாக இருக்கிறது. சரிபார்க்க எப்போது கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
பெண்கள் ஐக்கிய சங்க அங்கத்தினர்