தம்பிக்கு, உன் சர்க்யூட் நோட்டைப் பார்த்தபின்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தூங்கிக்கொண்டிருந்தபோது உன் சர்க்யூட் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, படத்துக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய். ஆனால் சிக்கலான சர்க்யூட்டை ஒரே வோல்டேஜ் சோர்ஸ், ஒரே மின்தடை என்று சுருக்கும் தெவனின் தேற்றம் எழுதிய பக்கத்தில், போர்டில் இருந்ததற்கு மேல் ஒரு வரி கூட இல்லை. வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் செய், கரண்ட் சோர்ஸை ஓப்பன் செய் என்று எழுதியிருக்கிறாய், சரி, ஏன்? உங்கள் மேடம் அதை வாயால் சொல்லியிருப்பார். ஐடியல் வோல்டேஜ் சோர்ஸுக்கு உள் மின்தடை பூஜ்யம், அதன் வோல்டேஜைப் பூஜ்யமாக்கினால் மிஞ்சுவது வெறும் கம்பி. கரண்ட் சோர்ஸுக்கு அது முடிவிலி, அதனால் அந்த இடம் அறுந்த கம்பி மாதிரி. நோட்டில் ஏற வேண்டியது இதுதான்டா. போர்டில் உள்ளது புத்தகத்திலேயே கிடக்கிறது, யாராவது போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலம் வேகமாக வரவில்லை என்றால் தமிழில் எழுது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நாம், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் மேடம் அடுத்த இரண்டு விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார். பரீட்சைக்கான ஆங்கிலத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் செமஸ்டரில் நான் தோழியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி திறந்தால், அவள் போட்ட அம்புக்குறி எதுவும் எனக்குப் பேசவில்லை. கணக்கில் அரியர் விழுந்தது, அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

அப்புறம்தான் கார்னெல் முறை கைக்கு வந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் உருவாக்கியது. தாளின் இடது ஓரத்தில் இரண்டரை அங்குலம் காலியாக விட்டு, வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். அன்றைக்கே உட்கார்ந்து, எழுதியதற்கான கேள்வியை இடப்பக்கம் போட வேண்டும், உதாரணமாக 'கரண்ட் சோர்ஸை ஏன் ஓப்பன் செய்கிறோம்?' என்று. பிறகு வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும், திக்கினால் அங்கேதான் உனக்குப் புரியவில்லை. அன்றைக்கே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885இல் எழுதியதில், ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. பாடத்துக்கு அர்த்தம் உண்டு, அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் போகும்.

அடுத்த வாரம் வகுப்பில் நார்ட்டன் தேற்றம் என்றாயே. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணுகிறேன், வலப்பக்கத்தை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லு.

அக்கா